அட்டிகையின் பின்புறம்

ஜூன் 9, 2025, திங்கள்

பங்களாவில் இன்று இரண்டு காபி வந்தது. ஒன்று எவர்சில்வர் டம்ளரில், எனக்கு. இன்னொன்று பொன் விளிம்பு போட்ட பீங்கான் கப்பில், சாஸரோடு, தருணுக்கு. பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் காபி குடிக்கிறேன். அந்தக் கப் கண்ணாடி அலமாரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மல்லேகோட்டை சமஸ்தானத்து வாரிசு சுதீர் தொரெ காலையிலேயே என்னைக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைத்தார். "கோமளம்மா, இவரு தருண். லண்டன்ல டாக்டரேட். நம்ம மல்லேகோட்டை நகைங்க ஹிஸ்டரிய புக்கா எழுதப் போறாரு. விஜயதசமிக்கு ரிலீஸ். ரெஜிஸ்டர் எல்லாம் எடுத்துக் குடுத்துடுங்க, ஆய்த்தா?"

ஆய்த்து, சரி என்றேன். வேறென்ன சொல்ல? 2006இல் நான் இந்தப் பெங்களூர் பென்சன் டவுன் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தபோது சமஸ்தானத்து நகைப் பதிவேடுகள் கரையான் மண்ணோடு ஒரு கோணிப்பையில் கிடந்தன. பிரித்து உலர்த்தியது நான். பழைய கன்னடக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு நகைக்கும் எண் போட்டது நான். நாலு லாங் சைஸ் நோட்டு நிறையக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். என்றைக்காவது தொரெ, "நீங்களே எழுதுங்களேன் கோமளம்மா" என்பார் என்று ஓர் எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை. இங்கேகூட இப்போதுதான் எழுதுகிறேன்.

பையனுக்கு நல்ல சிரிப்பு. பையன் என்ன பையன், முப்பத்திரண்டு வயது. அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

என்னை "ஆன்ட்டி" என்றான்.

ஜூன் 12, வியாழன்

இன்று "மேடம்". யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆன்ட்டியே தேவலை போலிருக்கிறது.

ஜூன் 18, புதன்

இரண்டு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டான். நானும் சொன்னேன். வாய் சும்மா இருக்கிறதா?

1877 பஞ்சத்தில் மூத்த ராணி தன் ஒட்டியாணத்தை உருக்கிக் கொடுத்து ஊர் ஏரியை ஆழப்படுத்தச் சொன்னது. அவருடைய ஜடைநாகத்துக்காக மகன்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு, தலைப்பாகம் ஒருவருக்கு, வால் ஒருவருக்கு என்று வெட்டிக்கொண்டது. கெம்பு அட்டிகை மட்டும் எந்தச் சண்டையிலும் சிக்காமல் தப்பித்தது. காரணம், அது யார் பெயரிலும் இல்லை, வீட்டு அம்மன் பெயரில் இருந்தது. வரமகாலட்சுமிக்கு ஒரு நாள், நவராத்திரிக்கு ஒன்பது நாள் அம்மன் கழுத்தில் ஏறும். மற்ற நாளெல்லாம் பெட்டியில். இருபத்தொரு பர்மா கெம்பு, சுற்றிலும் முத்து. 1898 பதிவேட்டில் முதல் வரியே அதுதான்.

நாலு மணிக்கு வராண்டாவில் தொரெயிடம் அதே கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கோப்பு எடுக்கப் போகிறவள்போல் போய்க் கேட்டேன். என் கதைதான், ஆனால் என்னைவிட நன்றாகச் சொன்னான். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. தொரெ சொன்னார், "எங்கம்மாகூட எனக்கு இவ்ளோ அழகா சொன்னதில்ல." கோமளம் மேடம்தான் சொன்னார் என்று அவன் சொல்லத்தான் செய்தான். சொன்னான் என்பதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த நோட்டில் நான் பொய் எழுதுகிறேன் என்று ஆகிவிடும். ஆனால் தொரெயின் கண் என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 26, வியாழன்

அவனுக்கு மதியச் சாப்பாடு தொரெயோடு பெரிய மேஜையில். நான் பதிவேட்டு அறையில் டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். வள்ளிக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அவரைக்காய்ப் பொரியல் வைத்தார்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"அந்தப் பையனா?"

நான் சாதத்தைப் பிசைந்தேன். வள்ளிக்காவுக்கு எதைச் சொன்னாலும் புரியும், சொல்லாவிட்டாலும் புரியும். தொம்மலூரிலிருந்து வருகிறார். முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில். 2019இல் காலமான பெரிய ராணியை, அதாவது தொரெயின் அம்மாவை, நாங்கள் அம்மணி என்போம். அவருக்குத் தலைவாரி, குளிப்பாட்டி, கடைசி வரை பார்த்துக்கொண்டது இவர்தான். நவராத்திரிக்கு முன்பு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நகைகளைக் கழுவுவதும் இவர்தான், பின்கட்டு அறையில், தனியாக. இன்னொருத்தர் கைபட அம்மணி விட்டதில்லை.

ஜூலை 5, சனி

தருண் எழுதிய கட்டுரைகளை ஃபோனில் தேடிப் படித்தேன். மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே படித்தேன். நன்றாக இருக்கின்றன.

எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாராயணசாமிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தால் அது என் தப்பு. "அந்த ஃபோன முறைச்சுப் பார்த்தா உடைஞ்சுடும்" என்றார். "அவன் வயசுல உனக்கொரு பையனே இருந்திருக்கலாம், அவனோடயா போட்டி?"

"எனக்குப் பொறாமைன்னு சொல்றீங்களா?"

"சேச்சே. நம்ம லிங்கராஜபுரத்துல யாருக்குமே தெரியாது."

ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதுமா?

ஜூலை 14, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

புத்தகத்தோடு விஜயதசமி அன்று முன்ஹாலில் நகைக் கண்காட்சியும் வைக்கப்போகிறார்கள். இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். அதற்காகக் கல் மதிப்பிடும் சுனில் வந்தார். மேஜையில் கறுப்பு வெல்வெட் விரித்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு நகையாகப் பார்த்தார். தொரெ, தருண், நான். அட்டிகையை எடுத்தவர் ஒவ்வொரு கல்லாக விளக்கில் சாய்த்துப் பார்த்தார். பிறகு சொன்னார், "சார், பதினெட்டுதான் கெம்பு. மூணு வெறும் கண்ணாடி. உள்ளே குமிழ் தெரியுது, பாருங்க."

தொரெ பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். தருண் என்னைப் பார்த்தான். "1898 பதிவேட்டுல இருபத்தொண்ணுன்னுதான மேடம் இருக்கு?"

"இருபத்தொண்ணுதான்" என்றேன்.

எனக்குத் தெரியும். அந்த மூன்று கல்லும் எங்கே போனதென்று சுனில் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும்.

2017இல் ஒரு வெள்ளிக்கிழமை அம்மணியிடம் கேட்டேன், அட்டிகையில் மூன்று கல் மட்டும் சாயங்கால வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிகிறதே என்று. கதவைச் சாத்தச் சொன்னார். மல்லேகோட்டை வீட்டுக்கு மூத்த மருமகள் வருகிறபோது, கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாமியார் பூஜை அறையில் அட்டிகையிலிருந்து ஒரு கல்லை எடுப்பாராம். அம்மன் கழுத்துக் கல். அதை மருமகளின் தாலிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். வெளியில் தெரியாது. எடுத்த இடத்தில் கண்ணாடி. ஆண்கள் யாரும் இருக்கக் கூடாது என்பதால் கல்லைக் கட்டுவதும் நகை செய்யும் பத்தர் இல்லை, பத்தர் வீட்டு அம்மாள். எடுத்த கல்லுக்கு நேர் பின்புறம், தங்கத்தில் ஊசியால் ஒரு கோடும் இரண்டு புள்ளியும் கீறிவிடுவார்கள். அது தாலியின் அடையாளம்: கோடு கயிறு, புள்ளி பொட்டு. புருஷன் போனால் தாலி போகும், கல் போகாது. பட்டுத் துணியில் பையாகத் தைத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் போகும்போது அவளோடு நெருப்பில் போகும்.

அம்மணி புடவை மடிப்பை விலக்கிக் காட்டினார். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பை. மாமியாரின் மாமியார், மாமியார், அப்புறம் தான் என்று மூன்று விரலை மடக்கினார். தொரெக்கு அமெரிக்காவில் நடந்த கல்யாணத்துக்குக் கல் எடுக்கவில்லை. அது மூன்று வருஷத்தில் முறிந்தும் போயிற்று.

"ஆண்பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கல்லை நெருப்பில் விடுவார்களா? ஹொட்டெயல்லி இட்டுகோ" என்றார். வயிற்றுக்குள் வைத்துக்கொள் என்று. வைத்துக்கொண்டேன்.

அந்த நாலு நோட்டிலும் நான் எழுதாத ஒரே விஷயம் இதுதான். அம்மணி என்னிடம் மட்டும் சொன்னது. இதையும் எடுத்து அந்தப் பீங்கான் கப்புக்காரனிடம் கொடுக்க வேண்டுமா?

ஜூலை 15, செவ்வாய்

தருண் கண்டுபிடித்துவிட்டானாம். 1974 பட்டியலிலும் இருபத்தொரு கெம்பு என்று இருக்கிறது. ஆகவே கல் மாறியது அதற்குப் பிறகு. அத்தியாயமே எழுதிவிட்டான். தலைப்பு: காணாமல்போன மூன்று கற்கள்.

1974 பட்டியலை எழுதிய குமாஸ்தா பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. 1931 பட்டியலைப் பார்த்து எழுதினார். 1931 குமாஸ்தா 1898ஐப் பார்த்து எழுதினார், 1898 குமாஸ்தா அதற்கும் முந்தின பட்டியலைப் பார்த்து. 1877இலேயே உருக்கிவிட்ட ஒட்டியாணம்கூட மூன்று பட்டியலிலும் அதே எடையில் இருக்கிறது. பதிவேட்டு ஆட்களின் பழக்கம் அது. பெட்டியைத் திறக்க ராணியிடம் சாவி கேட்க வேண்டும், அதற்கு யார் போவது? லண்டனில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

அச்சடிக்கட்டும். புத்தகம் வெளிவந்து பத்துப் பேர் கையில் போன பிறகு, எழுந்து நின்று சொல்கிறேன். அட்டிகையைத் திருப்பிப் பாருங்கள் என்று. அந்தச் சிரிப்பு அப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன்.

இன்று எலுமிச்சை சாதம் ருசியாக இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

வள்ளிக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. 1974க்குப் பிறகு என்று அவன் எழுதினால், அந்த நகையை யார் தொட்டது என்று தொரெ யோசிப்பார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? முப்பத்தைந்து வருஷமாக, பின்கட்டு அறையில், தனியாக.

தொரெ கோபமாகப் பேசவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இருங்க வள்ளியம்மா, சொல்லி அனுப்பறேன்" என்றார். வள்ளிக்கா ஏன் என்று கேட்கவில்லை. நகை கழுவும் பிரஷ்ஷைப் பின்கட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். என்னைக் கடக்கும்போது நின்றார். நான் பேசுவேன் என்று நினைத்தாரா, பேச வேண்டாம் என்று நினைத்தாரா, தெரியவில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 19, சனி

திங்கட்கிழமை சொல்லிவிடுவேன்.

ஜூலை 21, திங்கள்

சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? சொன்னால் வள்ளிக்கா தப்பித்துவிடுவார். சரி. ஆனால் அடுத்த நிமிஷம் அது அவன் புத்தகத்தில் ஏறிவிடும். தப்பாகப் போயிருக்க வேண்டிய அத்தியாயம் புத்தகத்திலேயே சிறந்த அத்தியாயமாகிவிடும். அட்டையில் அவன் பெயர். என்னிடம் மிச்சம் என்ன இருக்கும்? டம்ளர்.

இந்த வாரத்துக்குள் தொரெயின் கோபம் தானாகவே ஆறிவிடும். ஆறவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 28, திங்கள்

அனுஷா பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தாள். வள்ளிக்காவின் மகள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக் கடையில் வேலை. நகைக்காரர்கள் உலகம் சின்னது. சுனில் யாரிடமோ சொல்ல, அவர் யாரிடமோ சொல்ல, கடை வரைக்கும் போய்விட்டது.

"என்னைக் கவுன்ட்டர்லருந்து எடுத்துட்டாங்க ஆன்ட்டி. இப்ப பின்னாடி டப்பா மடிக்கிறேன். நகையத் தொடவே விட மாட்டேங்குறாங்க. ஏன்னு கேட்டா மேனேஜர் சும்மா சிரிக்குறாரு."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமே பேச மாட்டேங்குது. நீங்களாவது தொரெகிட்ட சொல்லலாம்ல? எங்கம்மா அப்டிப்பட்டவ இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும், சொல்கிறேன் என்றேன். என் பஸ் வந்தது. கூட்டமே இல்லாத பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தருண் பதிவேட்டு அறைக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. "நான் கல் மாறியிருக்குன்னு மட்டும்தான் எழுதினேன் மேடம். யாருன்னு எழுதலை. அந்தம்மா போனதுலருந்து எனக்கு எழுதவே ஓடலை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எதுவா இருந்தாலும் பரவால்ல."

கேட்டுவிட்டான். நேராக. இதைவிட ஒரு சந்தர்ப்பம் எனக்கு யார் கொடுப்பார்கள்?

"எனக்கென்ன தெரியும் தம்பி" என்றேன்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரமகாலட்சுமி.

கலசத்துக்கு அட்டிகை போட வேண்டும். கழுவ ஆள் இல்லை. தொரெ என்னைக் கழுவச் சொன்னார். எத்தனை வருஷமாக இதற்கு ஆசைப்பட்டிருக்கிறேன், அதைத் தொட்டுக் கழுவும் கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று. வள்ளிக்கா மீதுகூட அந்த ஒரு விஷயத்தில் எனக்கு எரிச்சல் உண்டு. ஜன்னலிலிருந்து அவர் பிரஷ்ஷை எடுத்தேன். பூந்திக்கொட்டை நுரையில் அட்டிகையைத் திருப்பினேன். மூன்று கோடு, மூன்று இரட்டைப் புள்ளி. முதலிரண்டும் தேய்ந்து போயிருக்கின்றன. மூன்றாவது இன்னும் விரலில் உரசுகிறது. அம்மணி பத்தொன்பது வயதில் வந்தபோது கீறியது.

அப்போது வாசலில் தொரெ வந்து நின்றார். "இன்ஷூரன்ஸ்காரங்க விட மாட்டேங்கறாங்க கோமளம்மா. திங்கட்கெழமை போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்துடலாம்னு இருக்கேன். வள்ளியம்மா பேரும் குடுக்கணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

போலீஸ். வள்ளிக்காவா? ஸ்டேஷன்ல போய் உக்காரணுமா? அதுவும் நான் ஒருத்தி வாயத் தொறக்காததுக்கு? என்ன மனுஷி நான்?

ஆனாலும் உடனே சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். கழுவி முடித்தேன், துடைத்தேன், கலசத்துக்கு அட்டிகை ஏறியது, பூஜை நடந்தது. கற்பூரம் காட்டுகிற வரைக்கும், வேறு வழி ஏதாவது இருக்கிறதா, இந்தக் கல் விஷயத்தைச் சொல்லாமல் வள்ளிக்காவைக் காப்பாற்ற முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இல்லை. பிரசாதம் வாங்கிய கையோடு, "தொரெ, அத எறக்குங்க" என்றேன். "எறக்கித் திருப்பிப் பாருங்க. உங்கம்மாவோட கல்யாணம் அதுல இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். தாலி, கண்ணாடி, இடுப்புப் பை, நெருப்பு. சுனிலையும் வரவழைத்தார்கள். பார்த்துவிட்டு, மூன்று கண்ணாடியும் மூன்று காலத்துக் கண்ணாடி, ஒரே ஆள் மாற்றியதாக இருக்க முடியாது என்றார். பின்பக்கக் கீறலைத் தட்டான் அடையாளம் என்று நினைத்து விட்டுவிட்டாராம்.

தொரெ மூன்றாவது கோட்டின் மேல் விரலை வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தன் அம்மாவைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நினைப்பு எனக்கு — சந்தோஷமாக இருந்தது.

எப்போதிலிருந்து தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

தருண் வீட்டுக்கே வந்துவிட்டான். லிங்கராஜபுரத்துச் சந்தில் வழி கேட்டுக் கேட்டு. நாராயணசாமி அவனுக்கு எங்கள் டம்ளரில் காபி கொடுத்தார், மிச்சம் வைக்காமல் குடித்தான்.

"பழைய அத்தியாயத்தைக் கிழிச்சுட்டேன் மேடம். நீங்க சொன்னதை நீங்க சொன்ன மாதிரியே போடறேன். உங்க பேர்ல. மேல 'சொன்னவர்'னு போட்டு, உங்க முழுப் பெயர். சம்மதமா?"

சம்மதம் என்றேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேன். நாராயணசாமி என்னையே பார்த்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தொரெ தொம்மலூருக்குக் கார் அனுப்பினார், அவர் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதத்தோடு. கார் காலியாகத் திரும்பியது. அனுஷாவின் கடைக்கும் சுனிலே நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவளைத் திரும்பக் கவுன்ட்டரில் விட்டார்களாம்.

ஆகஸ்ட் 13, புதன்

பீங்கான் கப்பில் காபி. எனக்கு.

செப்டம்பர் 3, புதன்

அச்சுப் பக்கங்கள் வந்தன. ஐந்தாம் அத்தியாயம். தலைப்புக்குக் கீழே: சொன்னவர் கோமளம் நாராயணசாமி. அதற்குக் கீழே ஒரு வரி: 'இந்த ரகசியத்தை ராணி இவரிடம் மட்டுமே பகிர்ந்துகொண்டார்.' நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

ஏழு தடவை படித்தேன். பஸ்ஸில் ஒரு தடவை, வீட்டில் ஆறு.

செப்டம்பர் 14, ஞாயிறு

தொம்மலூர் போனேன். ஒரு கிலோ மைசூர்பாக், அந்த அச்சுப் பக்கம். வள்ளிக்கா இப்போது பக்கத்து ஹாஸ்டலுக்குச் சப்பாத்தி இட்டுக் கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பாயைப் போட்டார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

படித்துக் காட்டினேன். மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"அந்தக் கோடு, புள்ளி, அதெல்லாங்கூடவா எழுதிட்டீங்க?"

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மணிக்குக் கடைசியா தண்ணி ஊத்தினதே நான்தானே. இடுப்புப் பைய அவுக்காம அப்படியே அனுப்பணும்னு அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே கத முழுசும் சொல்லி வெச்சாங்க. வருஷா வருஷம் அந்தக் கோட்டு மேல பிரஷ் போட மாட்டேன், தேஞ்சுடும்னு."

"அப்ப ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுதே. உங்களத் திருடின்னு..."

"சொல்ல மாட்டேன்னு அம்மன் வெளக்கு மேல கைய வெச்சுச் சொன்னேன். திருடின்னா சொல்லிட்டுப் போறாங்க. அம்மணிக்குத் தெரியும்ல, நான் யாருன்னு."

மூலையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்த அனுஷா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வள்ளிக்கா இன்னொரு சப்பாத்தியை உருட்ட ஆரம்பித்தார். "உன்கிட்டயும் சொல்லியிருக்கேன்னு அம்மணி ஒருதபா சொன்னாங்க. அதான், நீ மூணு வாரமா வாயே தொறக்கலன்னதும் எனக்குத் தெம்பா இருந்துச்சு. கோமளமும் வாக்கக் காப்பாத்துறா, நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு. அனுஷா உன்னத் திட்டுனா. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருடின்னேன்."

நான் அச்சுப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அப்புறம் போலீஸ்னதும் எனக்காகச் சொல்லிட்ட. தப்புன்னு சொல்லல. பாசம். ஆனா நான் அந்த வீட்டுக்கு எப்படி வருவேன் சொல்லு? அம்மணி படம் முன்னாடி எப்படி நிப்பேன்? என் பேர மட்டும் எதுலயும் போட்டுடாதீங்க."

மைசூர்பாக்கை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது நாலு சப்பாத்தியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை ஜூலையிலிருந்து புரட்டினேன். சொல்லாமல் இருந்ததற்கு எத்தனை காரணம் எழுதியிருக்கிறேன். கப், டம்ளர், அட்டையில் பெயர், அவன் சிரிப்பு. அம்மணிக்குக் கொடுத்த வாக்கு என்று ஓரிடத்திலும் இல்லை. ஒரு நாள்கூட அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. பத்து வருஷம் முன்னாடி என்றாரே, அதாவது 2009. எனக்குச் சொன்னது 2017. எனக்கு எட்டு வருஷம் முன்பே. அதைக் கேட்டபோது முதலில் வந்தது வெட்கம் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

தருணுக்கு ஃபோன் செய்தேன். 'இவரிடம் மட்டுமே' என்ற வரியை எடுக்க முடியுமா என்று கேட்டேன். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது, ஏன் மேடம் என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். அட்டிகையை நான்தான் கழுவினேன். கோட்டின் மேல் பிரஷ் படாமல்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. புத்தக வெளியீடு நன்றாக நடந்தது. எனக்கு முதல் வரிசையில் நாற்காலி, தோளில் சால்வை. நாராயணசாமி கை தட்டினார்.

முன்ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டிகை. இதுவரை யாரும் அதை அப்படிப் பார்த்ததில்லை. பதினெட்டுக் கெம்பும் முத்தும் வெல்வெட்டில் குப்புறக் கிடக்கின்றன. பின்புறம் மேலே. மூன்று கோடும் பெரிதாகத் தெரிய மேலே ஒரு லென்ஸ், பக்கத்தில் விளக்கு. ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்று குனிந்து பார்த்தார்கள். பெட்டிக்குக் கீழே அட்டையில் என் பெயர், அந்த வரியோடு.

வள்ளிக்கா வரவில்லை. அனுஷா வந்தாள். பெட்டி வரைக்கும் வந்தாள், குனிந்து பார்க்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு, கல்லூரிப் பெண் ஒருத்தி கையில் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். என் பெயருக்கு மேலேயே போட்டேன்.

"ராணி இத உங்ககிட்ட மட்டும்தான் சொன்னாங்களா மேடம்?"

"ஆமாம்" என்றேன்.

வள்ளிக்கா தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால்தான் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்ததும் முடியவில்லை. அதற்காக இல்லை.